என் குரலைக் கேட்ட மகளுக்கு

கோமதி,

செவ்வாய்க்கிழமை பெங்களூருக்குப் பஸ் ஏறுவதற்குள் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். நானும் இன்றைக்கு, நாளைக்கு என்று கடத்திக்கொண்டே வந்துவிட்டேன். சாப்பிட உட்காரும்போது நீ என் முகத்தைப் பார்க்கிறாய். நான் ஜன்னல் வழியாகப் பக்கத்து மனையில் எழும்புகிற வீட்டைப் பார்க்கிறேன். வாயால் பிழைத்தவன் நான். புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை வைத்து, விடிந்ததும் விடியாததுமாகப் போனில் விவசாயிகளோடு பேசிப் பேசியே குத்துக்கல்வலசையில் இந்த வீட்டைக் கட்டினேன், உன்னையும் படிக்க வைத்தேன். அப்படிப்பட்டவனுக்குச் சொந்த மகளிடம் பேச வாய் வரவில்லை. பேச ஆரம்பித்தால் பாதியில் கோபம் வரும், இல்லாவிட்டால் அழுகை வரும். இரண்டுமே பேரத்துக்கு ஆகாது. போதாததற்கு, இப்போதெல்லாம் என் குரலில் ஒரு பேச்சு கேட்டால் பேசுவது நான்தானா என்று எனக்கே ஒரு நொடி சந்தேகம் வருகிறது. எழுத்தாவது என் கை எழுதியது என்று தெரியுமே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்றைக்கு ஐந்தருவியில் எனக்கு விழுந்த அடி இன்னும் தெளியவில்லை. நல்ல சீசன், சாரலும் காற்றுமாக இருந்தது. தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். என் போன் காரில் கிடக்கிறது. பக்கத்திலேயே நம்ம மாடசாமி, மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கிறவர், இடுப்பில் துண்டோடு நின்று ஸ்பீக்கரில் போட்டு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் என்னைக் கவனிக்கவில்லை. நானும் அவரைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய போனிலிருந்து நான் பேசினேன்.

“சொல்லும் மாடசாமி, எத்தனை மூட்டை தேறும்?”

என் குரல். சிரிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு செருமல் வருமே, அதுவும் வந்தது. யாரோ பழைய பேச்சைப் பதிந்து வைத்துப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். மாடசாமி திரும்பினார். எண்ணெய் வழிய நிற்கிற என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, நீங்க இங்கனயா நிக்கீய?” என்றார். பிறகு போனிடம், “அப்ப அங்கன பேசுதது யாரு?” என்று கேட்டார்.

போன் கொஞ்சமும் தயங்கவில்லை. “நான்தாம்வே. குரல் தெரியலையா? அங்கன சாரல் விழுந்துச்சுன்னா ஈரம் காயட்டும், பொறவு பறிச்சுப் போடும்” என்றது.

மாடசாமி அந்தப் போனைத் தேள் கொட்ட வருகிற மாதிரி எட்டப் பிடித்துக்கொண்டார். “அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் ஆகலையே? தண்ணி தலையில ஓங்கி விழுந்துட்டோ?” என்று கேட்டார். எனக்கே அந்தச் சந்தேகந்தான். “முதல்ல அதக் கட் பண்ணும்வே” என்றேன். நான் சொல்வதற்குள் போனில் இருந்த நான், “சரி, சாயங்காலம் கடைல பாப்போம்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

குளிக்காமல் வீட்டுக்கு வந்தேன். தலையெல்லாம் எண்ணெயோடு உள்ளே நுழைந்தவனைப் பார்த்து உன் அம்மா, “ஏன், அருவியில தண்ணி நின்னுபோச்சா?” என்று கேட்டாள். நீ மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாய். விஷயத்தைச் சொன்னதும் உன் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். “நேர்ல நின்னவருக்கே தெரியலையாப்பா?” என்றாய்.

“ஏட்டி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?”

“நான் கேட்டேனேப்பா. நீங்க எடுக்காத கால் எல்லாம் வீணாப் போகுதே, ஒரு ஏற்பாடு பண்ணவான்னு. பண்ணுன்னு சொன்னீங்க.”

“ஏதோ மெசேஜ் போகும்னு நெனச்சேம்ளா! நானே போவேன்னு கண்டேனா?”

கேட்டது உண்மை, சரி என்று சொன்னதும் உண்மை. கடைக்கு வரும் போன் எல்லாம் பதிவாகிற வழக்கம் நம்மிடம் முன்பே இருந்தது. அந்தப் பேச்சையெல்லாம் கொடுத்து, என் குரலையும் என் பேச்சின் போக்கையும் அதற்குப் பழக்கியிருக்கிறாய். எனக்குக் காட்டுவதற்காக அதைப் பேச வைத்தாய். அது இரண்டு வார்த்தை பேசியதுமே அடுப்படியிலிருந்து உன் அம்மா, “இந்தா கொண்டாரேன், காப்பி கொதிக்கணும்லா” என்று பதில் சொன்னாள். நான் வாயே திறக்கவில்லை. இத்தனை காலம் என்னோடு குடும்பம் நடத்தியவள் அவள்.

வெளியே வந்து விஷயம் புரிந்ததும் அவள் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். “ஏங்க, நீங்க போன பொறவும் இது இப்படியே பேசிக்கிட்டு இருக்குமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்த வீட்டில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. இந்தக் கடிதம் முடிவதற்குள் அதற்கும் பதில் சொல்கிறேன்.

அன்றைக்கே அடுத்த அடியும் விழுந்தது. இவ்வளவு வேலைக்கும் உனக்கு ஏது நேரம் என்று கேட்டேன். ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறாய் என்றுதானே நாங்கள் நினைத்திருந்தோம்? உனக்குச் சென்னையில் வேலை போய்விட்டது என்று அப்போதுதான் சொன்னாய். வெளிநாட்டு இன்சூரன்ஸ்காரனுக்கு வருகிற கடிதங்களுக்கெல்லாம் நீயும் உன் கூட்டாளிகளும் பதில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் பதிலை மெஷின் எழுதும், நீங்கள் திருத்தினால் போதும் என்றார்கள். நீங்களும் வேலை லேசாகிவிட்டது என்று திருத்தினீர்கள். திருத்தத் திருத்த அது பிழை விடுவதைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை என்று உங்களை அனுப்பிவிட்டார்கள். நீ இதைச் சொன்னபோது அழவில்லை. எலுமிச்சை வாசம் உன் மேல் படக்கூடாது, கண்ணாடிக் கட்டடத்தில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்தால் மழையும் இல்லை, விலைச் சரிவும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். என் எலுமிச்சை இன்னும் லாரி ஏறிக்கொண்டிருக்கிறது. உன் கண்ணாடிக் கட்டடம்தான் முதலில் கைவிட்டது. வியாபாரத்தில் இவ்வளவு தப்பாக நான் எந்தச் சரக்கையும் மதிப்புப் போட்டதில்லை.

ஆனால் ஒன்றை அப்போதே கவனித்தேன். வேலை போன மாதங்களில் நீ முடங்கிக் கிடக்கவில்லை. உன்னை வெளியே தள்ளியது எதுவோ, அதன் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறாய். அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். செல்போன் வந்த புதிதில் நான் ஒரு முதலாளி கடையில் மூட்டை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் சரக்கு மண்டிக்கு வந்து இறங்கிய பிறகுதான் விவசாயிக்கு விலை தெரியும். அவனுக்குத் தெரியாததுதான் எங்கள் எல்லாருக்கும் சோறு. நான் தனிக்கடை போட்டதும் என் நம்பரை எல்லாருக்கும் கொடுத்து, பறிக்கும் முன்னால் கேளுங்கள், விலை சொல்கிறேன் என்றேன். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “பேசணும்னு நெனைக்கவன் நேர்ல வருவாம்ல. போன்ல எவன் சரக்கை நம்புவான்?” என்றார். அவரிடம் யாரும் நேரில் வரவில்லை. அவர் கடை இருந்த இடத்தில்தான் இப்போது நம்முடைய கடை இருக்கிறது. ஒரு மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொருத்தர் பிழைப்பின் மேல் ஏறி வந்தவன்தான் நானும். அதனால் இதெல்லாம் அநியாயம் என்று உன்னிடம் கத்துகிற யோக்கியதை எனக்கு இல்லை.

அதனால்தான், பயம் தெளிந்ததும் நான் என்ன செய்தேன்? லாபம் எங்கே என்று பார்த்தேன். மாடசாமியிடம், “வெளிய சொல்லாதியும்வே” என்று சொல்லி வைத்தேன். நான் எடுக்காத போனை மட்டும் எடுத்துக்கொண்டிருந்த மெஷினை எல்லாப் போனையும் எடுக்க விட்டேன். நன்றாகத் தூங்கினேன். அருவியில் அவசரமில்லாமல் குளித்தேன். கடையில் விவசாயிகள் என்னைப் புதுசாகப் பார்த்தார்கள். “அண்ணாச்சி இப்பல்லாம் வள்ளுன்னு விழ மாட்டேங்கியளே, டாக்டர்ட்ட ஏதும் காட்டுனீயளா?” என்று ஒருவர் கேட்டார். தன் பெண்டாட்டியின் முட்டுவலியை நான் மறக்காமல் விசாரித்ததாக இன்னொருவர் சந்தோஷப்பட்டார். அவர் பெண்டாட்டிக்கு முட்டுவலி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என்னைவிட என் குரல் நல்லவனாக இருந்தது. அதைக் கேட்டுச் சிரித்தேன். உள்ளுக்குள் ஏதோ சில்லென்றது. இருந்தாலும் சிரித்தேன்.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. மெஷின் சொல்வது கடையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று நீயும் என்னோடு புளியங்குடிக்கு வந்த நாள். உனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு நடந்ததை நீ ஒரு மாதிரிப் பார்க்கிறாய், நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். முந்தின நாள் கேரளாவிலிருந்து நல்ல கேட்பு இருந்தது. போன் போட்டவர்களிடம் எல்லாம் அது உண்மையைச் சொல்லியிருக்கிறது: விலை நன்றாக இருக்கிறது, பறிக்கலாம். ஒவ்வொருவரிடமும் சொன்னது சரி. எல்லாரிடமும் சொன்னதுதான் கெடுதி. நான் என்றைக்குமே எல்லாரையும் ஒரே நாளில் பறிக்கச் சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்துக்காரருக்கு இன்றைக்கு, அந்தப் பக்கத்துக்காரருக்கு இரண்டு நாள் பொறுத்து என்று பிரித்துவிடுவேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, எந்தப் போன் பேச்சிலும் அது தனியாக வராது. அது எப்படிக் கற்றுக்கொள்ளும்? மதியத்துக்குள் கடை வாசலில் மூட்டைக்கு மேல் மூட்டை. வண்டி நிற்க இடமில்லை. சாரலில் நனைந்த காய் வேறு, வைத்திருந்தால் புள்ளி விழும். இதைப் பார்த்ததும் வாங்க வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். விலை இறங்கிக்கொண்டே போனது.

“அண்ணாச்சி, நீங்கதான பறிக்கச் சொன்னீய?” என்று ஒருவர் ஆரம்பித்தார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மாடசாமி கூட்டத்துக்குள் நின்றார். அவர் ஒருவருக்குத்தான் தெரியும். “ஏ, அது அண்ணாச்சி இல்லப்பா, அது வந்து…” என்று அவர் வாயைத் திறந்தார். நான் குறுக்கே விழுந்தேன். “ஆமா, நான்தான் சொன்னேன். தப்பு என் பேர்லதான். இன்னைக்குக் கமிஷன் கெடையாது, போதுமா?” என்றேன். அதை நேர்மையால் சொன்னேனா, தந்திரத்தால் சொன்னேனா என்று இப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உன்னைக் காப்பாற்றவும் சொன்னேன். மெஷின் பேசியது என்று தெரிந்தால் கடை போய்விடும் என்றும் சொன்னேன்.

கூட்டம் அடங்குகிற நேரம். அப்போதுதான் கல்லாவுக்குப் பின்னாலிருந்து நீ எழுந்து வந்தாய்.

“அப்பா சொல்லல. நான் வச்ச மெஷின் சொல்லுச்சு. அப்பா குரல்ல அதப் பேச வச்சது நான்தான். என்ன ஏசுங்க” என்றாய்.

கோமதி, ஐந்தருவியில் என் குரலை நானே கேட்டபோதுகூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். முட்டுவலிக்காரியின் புருஷன்தான் முதலில் வாயைத் திறந்தார். “மெஷினா? எம் பொண்டாட்டிக்கு வெந்நி ஒத்தடம் குடுக்கச் சொன்னது மெஷினாம்மா? அவ அண்ணாச்சியக் கும்புடாத கொறையால்லா இருக்கா!” என்றார். சிலர் சிரித்துவிட்டார்கள். “அண்ணாச்சி வாய்க்கு ஓய்வு குடுத்துட்டியளோ?” என்று தரம் பிரிக்கிற பெண் ஒருத்தி என்னைக் கிண்டலடித்தாள். அதோடு போய்விடும் என்று நினைத்தேன்.

சுப்பையா பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. மனைவி போனபிறகு தோப்பில் தனியாக இருக்கிறவர். பறிக்கக் காய் இல்லாத நாளிலும் காலையில் எனக்கு ஒரு போன் போடுவார். நான் பாதி நாள் எரிச்சலோடுதான் எடுப்பேன். அவர் மெதுவாக என் முன்னால் வந்து நின்றார். “எம் மகன் துபாய்லேருந்து பேசி ரொம்ப நாளாச்சுன்னு ஒம்மட்டச் சொன்னேன். வேலையா இருப்பான், ஒம்ம நெனைக்காம இருக்க மாட்டான்னு சொன்னீரு. அன்னைக்குத்தான் நான் நல்லாத் தூங்குனேன். அது நீரு இல்லையா?” என்று கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“வெலயத் தப்பாச் சொன்னீருன்னா ரெண்டு ஏச்சு ஏசிட்டு நாளைக்கே திரும்பி வருவேன் அண்ணாச்சி. ஆளே இல்லாத எடத்துல என்ன அழ வச்சிட்டீரே” என்றார். தன் மூட்டைகளை எதிர்க் கடைக்குத் தூக்கச் சொன்னார். இன்னும் நம் கடைக்கு வரவில்லை. மற்ற எல்லாருடைய சரக்கையும் ஊறுகாய்க்காரருக்குக் கொஞ்சம், குற்றாலத்து ஜூஸ் கடைகளுக்குக் கொஞ்சம் என்று எப்படியோ தள்ளிவிட்டோம். அந்த நஷ்டம் ஒரு வாரத்தில் மறந்துபோகும். சுப்பையா விஷயம் அப்படி இல்லை. அவர் வீட்டுக்கு நான் போனேன். உனக்குத் தெரியாது. உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார், பேசவில்லை.

அந்த வியாழக்கிழமை கடையிலிருந்து நாம் இருவரும் காரில் வீடு திரும்பினோம். வழியில் நீ, “அப்பா, எல்லாரையும் ஒரே நாள்ல பறிக்கச் சொல்லக் கூடாதுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துரலாம்” என்றாய். மறுநாளே சொல்லியும் கொடுத்துவிட்டாய். யார் யாரை எந்த நாள் பறிக்கச் சொன்னோம் என்று அது நினைவு வைத்துக்கொண்டு, என்னைவிட ஒழுங்காகப் பிரித்துவிடுகிறது. வியாழக்கிழமை மெஷின் தோற்றதைப் பார்த்து, என் தொழில் ரகசியம் அதற்கு வராது என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் வெள்ளிக்கிழமையைத் தாண்டவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. மீண்டும் ஒரு அதிர்ச்சி, அவ்வளவுதான்.

அதிலிருந்து நான் தெரிந்துகொண்டதைத்தான் உனக்குச் சொல்ல விரும்புகிறேன். மெஷினால் முடியாதது எது என்று தேடி, அங்கே போய் ஒதுங்கிப் பிழைக்கலாம் என்று பலரும் உனக்குச் சொல்வார்கள். ஒழுகுகிற கொட்டகையில் நனையாத இடம் பார்த்து மூட்டையை நகர்த்துகிற கதை அது. இன்றைக்குக் காய்ந்திருக்கிற மூலை நாளைக்கு ஒழுகும், நீ நகர்த்திக்கொண்டே இருப்பாய். கடிதம் எழுதுகிற மூலை ஒழுகியதை நீ பார்த்தாய். பறிப்பைப் பிரித்துவிடுகிற மூலை ஒழுகியதை நான் பார்த்தேன். எது அதற்கு வராது என்று நானும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த மதியம் கூட்டத்துக்கு முன்னால் அது வரவில்லை. அது சொன்ன சொல்லுக்கு நீ வந்து நின்றாய். ஏச்சு வாங்க முன்னால் வந்தாய். பதில் சொல்வதற்கு ஆயிரம் மெஷின் வரும், சொன்ன பதிலுக்குப் பொறுப்பாக வந்து நிற்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. நீ எந்த வேலைக்குப் போனாலும் அந்த ஆளாக இரு. அது தப்புச் செய்தால் யாருடைய வீட்டில் அடுப்பு எரியாது என்பதைத் தெரிந்துவைத்திரு. அந்த வீட்டுக்காரன் உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏசுகிற தூரத்தில் இரு. இதை நான் உனக்குக் கற்றுத்தரவில்லை. நான் பொய்க்குள் ஒளிந்துகொண்டிருந்தபோது நீ செய்து காட்டினாய்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பெங்களூர்க் கம்பெனிக்காரர்கள் நம் கடையில் மெஷின் பேசுவதைக் கேள்விப்பட்டு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லா ஊர் மண்டிக்கும் இதைக் கொண்டுபோக வேண்டும், அசல் வியாபாரி குரல் என்பதால்தான் விவசாயி நம்புகிறான், உன் அப்பா குரலைக் கொண்டு வந்தால் வேலை உறுதி என்று சொல்லியிருக்கிறார்கள். குரலைக் கொடுக்கலாமா என்று நீ கேட்டாய்.

கொடுக்க மாட்டேன், கோமதி.

இதனால் உனக்கு அந்த வேலை கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் ஆனது. நான் கால் வைக்காத ஒரு ஊரில், முகம் தெரியாத ஒருவர் என் குரலிடம் தன் மகனைப் பற்றிச் சொல்லி அழுவார். மாடசாமி கேட்ட மாதிரி, பேசுவது யார் என்று அவரும் கேட்டால், நான்தான் என்று அது கூசாமல் சொல்லும். அங்கே போய் நின்று தலையாட்ட நான் இருக்க மாட்டேன். உன் அம்மா கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில். நான் போன பிறகு என் குரல் பேச வேண்டாம். அவளிடம் நானே சொல்லிவிட்டேன். “சரி” என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு எனக்கு மீன் குழம்பு வைத்தாள்.

ஆனால் உன் வேலையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போ. போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லு. விவசாயி ஏமாந்ததைத்தான் அவர்கள் வெற்றி என்று நினைக்கிறார்கள். சுப்பையா எதிர்க் கடைக்குப் போனதையும் சேர்த்துச் சொல்லு. போனை எடுத்ததும் ‘நான் மெஷின்’ என்று அது சொல்ல வேண்டும், தப்பு நடந்தால் ஏசுவதற்கு ஒரு ஆளின் பெயரும் நம்பரும் சொல்ல வேண்டும் என்று கேளு. அப்படிச் சொன்னால் எவன் நம்புவான் என்று அவர்கள் கேட்பார்கள். என் பழைய முதலாளியும் இதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டார். சரக்கின் குறையை முதலிலேயே சொல்லி விற்கிறவனிடம் ஆள் மெதுவாகத்தான் வரும், வந்தால் போகாது. அவர்களுக்கு அது பிடிக்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் திரும்பி வா. வேலை தேடி அலுத்தவளாக வர வேண்டாம். கடையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுவிட்டேன். சம்பளக்காரி நாற்காலி இல்லை அது, பங்குக்காரி நாற்காலி. யோசித்துப் போட்டதுதான், பாசத்தில் போட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

நம் கடைப் போனிலும் என் குரலை எடுத்துவிடு. போவதற்கு முன்னால் உன் குரலை வைத்துவிட்டுப் போ. கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இனிமேல் எம் மக வச்ச மெஷின் பேசும், அவ குரல்ல பேசும், தப்பிருந்தா அவளுக்கே போன் போட்டு ஏசுங்க என்று உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். மாடசாமி, “புள்ள தாங்குமா அண்ணாச்சி?” என்று கேட்டார். “அன்னைக்குப் பாத்தீருல்லா?” என்றேன். சுப்பையா பெரியவருக்கு மட்டும் மெஷின் வேண்டாம். அவர் என்றைக்காவது கூப்பிட்டால் நானே எடுப்பேன், எரிச்சல்படாமல் எடுப்பேன்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். உன் அம்மாவை எனக்குத் தெரியும். நீ போன மறுநாளே அவள் கடை நம்பருக்குப் போன் போடுவாள். உன் குரலைக் கேட்டதும் மெஷின் என்பதை மறந்துவிட்டு, “ஏட்டி, சாப்பிட்டியா?” என்று கேட்பாள். எந்த ஊர், எத்தனை மூட்டை என்று அது கேட்கட்டும். அவள் இரண்டு ஏச்சு ஏசிவிட்டு வைத்துவிடுவாள். அதற்கு எல்லாம் சொல்லிக் கொடு, விலை சொல்லிக் கொடு, பறிப்பைப் பிரிக்கச் சொல்லிக் கொடு. “சாப்பிட்டேம்மா” என்று சொல்ல மட்டும் சொல்லிக் கொடுத்துவிடாதே. அதை நீ போன் போட்டுச் சொல்.

உன் அப்பா